மிச்சக் காசு

ஒன்பது லட்சம் என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
ஒரு சைபரை அழித்தேன்.
அச்சகத்து விலைத்தாள் மேசையில் கிடந்தது.
சைபரைத் திரும்பப் போட்டேன்.

நாற்பத்தைந்து நாள் தவணை.
தொண்ணூற்றாறு பக்கப் படக்கதை.
எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ்ஸில்
ஒரு பெண் நடத்துனருக்கு நடக்கிற
ஒரு செவ்வாய்க்கிழமை.
அவ்வளவுதான் கதை.

கொக்குவில் அறையில், மின்விசிறியை நிறுத்தி,
ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து
காசு கேட்கப் பழகினேன்.
"வணக்கம், நான் ஒரு சுயாதீன ஓவியர்."
ஏழாவது தடவை சொன்னபோது
சுயாதீனம் என்பது
மூன்று மாத வாடகைப் பாக்கிக்கு
இன்னொரு பெயர்போலக் கேட்டது.

முதல் காசு ஐந்நூறு ரூபாய்.
குருநகர் ஜெனிற்றா, என்னோடு ஏ.எல். படித்தவள்.
"முதல் ஆள் நானோ எண்டு பார்" என்று குறிப்பு.
இரண்டாவது ஆளுக்குப் பதினொரு நாள் எடுத்தது.
அதற்குள் அந்த ஐந்நூறை
எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று
வங்கிச் செயலிக்குத்தான் தெரியும்.

பிறகு பேர்கனில் இருந்து, மொன்றியலில் இருந்து,
லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வந்தது.
காசோடு கேள்வியும் வந்தது.
பஸ் நெல்லியடியில நிக்குமோ?
எங்கட வீட்டு மதில் படத்தில வருமோ?
நூறு குரோனருக்கு ஒரு மதில்.
கீறினேன்.
வல்லை வெளிக் காற்றை மட்டும்
ஒருவரும் கேட்காமலே கீறினேன்.

லண்டன் கனகேந்திரன்
அரைவாசியைத் தான் தருவதாகச் சொன்னார்.
"எல்லாம் வடிவு, தங்கச்சி.
ஆனா இதில யுத்தம் எங்க?"
நாற்பத்தோராம் பக்கம் என்றேன்.
ஒற்றைக் காலோடு ஒருவர் ஏறுகிறார்.
அவருக்கு மிச்சக் காசு சரியாகக் கொடுக்கப்படுகிறது.
"அவர் அழுறாரோ?"
இல்லை. எண்ணிப் பார்க்கிறார்.
லைன் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.
"யோசிச்சுச் சொல்லுறன்."

அவர் இன்னும் யோசிக்கிறார்.
நானும் யோசித்தேன், பொய் சொல்லக்கூடாது.
ஒரு துளி கண்ணீர் கீற எவ்வளவு நேரமாகும்?
பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
நல்லாய்த்தான் இருந்தது.
அதுதான் பயம்.
அழித்த இடத்தில்
தாள் மெலிந்துபோயிற்று.

கடைசி இரவு பதினொன்றரைக்கு
ஐந்து லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து நூறு.
காணாது.
சோனகத் தெருவில் நிஸ்வான்
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
"கலரை விடுங்க. தாளை விடவேணாம்."
முந்நூறு பிரதி, கறுப்பு வெள்ளை.
நடத்துனரின் தோள்பையை மட்டும்
முந்நூறிலும் நானே சிவப்பாக்கினேன்.
இருநூறுக்குப் பிறகு சிவப்பு
கொஞ்சம் வெளியில் வழிந்திருக்கும்.
பிந்தித் தந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

காசு தந்த நூற்றுப்பதினேழு பேருக்கும்
கையால் வரைந்த டிக்கட் தருவதாய் அறிவித்திருந்தேன்.
ஆர் என்னைச் சொல்லச் சொன்னது?
மொன்றியலுக்கான முத்திரை
அவர் தந்த காசைவிட நூற்றிருபது ரூபாய் கூட.
தபால் கந்தோர்ப் பெண்
எனக்காக இரண்டாம் தரமும் நிறுத்துப் பார்த்தாள்.
தராசு மனம் மாறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
பிறேமலோஜினியின் பஸ்ஸில் ஏறினேன்.
இரண்டு மாதம் அவள் முழங்கையைப் பார்த்துக்
கீறின புத்தகம் இது.
அவள் ஃபுட்போர்ட்டில் நின்றபடி
ஒரு கையால் புரட்டினாள்.
நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றாள்.

"அண்டைக்கு நான் அவருக்குப்
பத்து ரூபா குறைச்சல்லோ குடுத்தனான்.
சில்லறை இருக்கேல்ல.
அடுத்த நாள் குடுத்திட்டன்,
அது வேற கதை."

அச்சடித்தாயிற்று என்றேன்.
"எவ்வளவு புத்தகம்?"
உங்களுக்குச் சும்மா.
"இந்த பஸ்ஸில ஒருத்தரும் சும்மா போறேல்லை."
தன் சொந்தப் பையிலிருந்து
இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள்.
விலை ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
என்னிடம் மிச்சம் இல்லை.

"பரவாயில்லை," என்றாள்,
அடுத்த சீற்றுக்கு நகர்ந்தபடி.
"இறங்கேக்க தாங்கோ."

வல்லை தாண்டியும்
பைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.